ஒழுகும் இடமும் ஊறும் இடமும்



நம் பங்கு இல்லத்தின் முன்திண்ணையில் உள்ளங்கை அகலத்திற்கு ஒரு கறுத்த கறை உண்டு. கோவில்பிள்ளை சோப்புத்தூள் இட்டும் மணல் இட்டும் பலமுறை தேய்த்துப் பார்த்துவிட்டார், மங்கியதேயன்றி மறையவில்லை. வருவோர் போவோரெல்லாம், "இது என்ன சாமி?" என்று வினவுகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட இப்பக்கத்தில் ஒருமுறை எழுதிவிடுவது நலமெனத் தோன்றிற்று. அக்கறைக்குப் பொறுப்பாளிகள் இருவர். ஒருவர் இருபது வயது இளைஞர். மற்றவர், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தும் அன்றுவரை ஒரு ஸ்பேனரைக் கையால் தொட்டறியாத நாம்.

மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதியில் நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் இரயில்வேப் பணிமனையில் பணியாற்றியவர். 2021-ஆம் ஆண்டில் கொரோனா நோயின் இரண்டாம் அலையில் அவர் காலமானார். அவர் விட்டுச் சென்றவை ஒரு சிறு வீடு, சிறிது ஓய்வூதியம், 1984-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரைச் சூழ்ந்தபோது அவ்வண்டி இருக்கைவரை நீரில் நின்றதாம். நீர் வடிந்த பின்னர் அவர் தாமே அதனை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் துடைத்து மீண்டும் ஓட வைத்தார். அவர் மறைந்தபின் மூன்று ஆண்டுகள் அது வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாயின்கீழ் உறங்கிற்று.

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கல்லூரிப் படிப்பை முடித்த மகன் தார்ப்பாயை விலக்கினான். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, புதிய பிளக் மாட்டி, பத்துப் பதினைந்து முறை கிக்கரை உதைக்கவே, வண்டி உயிர்பெற்றது. ஆனால் எண்ணெய் ஒழுகிற்று. வாசலில் கோலம் போட இடமின்றிக் கறை பரவவே, தாய்க்குப் பொறுக்கவில்லை. "இரும்புக் கடைக்குப் போட்டுவிடு" என்றார். மகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நம்மிடம் வந்து, "சாமி, அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றான். ஒரு வார்த்தை சொல்வதோடு நாம் நின்றிருக்கலாம். நின்றோமில்லை. "ஒழுக்கை நாமே நிறுத்திவிடுவோம், தம்பி, பிறகு அம்மாவிடம் பேசுவது எளிது" என்று சொல்லி, அங்கியின் கையை மடித்துவிட்டோம்.

இவ்வண்டியின் வரலாற்றை இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். புல்லட் என்ற பெயர் 1932-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் தம் வண்டிக்கு இட்டது. ரெட்டிச் என்னும் ஊரில் அவர்களுடைய தொழிற்சாலை இருந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின், எல்லைக் காவலுக்கு ஏற்ற உறுதியான வண்டியென நம் அரசு இதனைத் தேர்ந்து, 800 வண்டிகளுக்குக் கட்டளை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955-இல் அந்நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் கப்பலில் வந்த உறுப்புகளை இங்கே பூட்டினர். 1962 முதல் எல்லா உறுப்புகளும் இங்கேயே உருவாகலாயின. 1970-இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி நின்றுவிட்டது. சென்னையிலோ பட்டறை ஓயவில்லை. 1977-இல் திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் இங்கிலாந்திற்கே ஏற்றுமதியாயின! 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வழியே செல்வோர் அப்பகுதியை அறிவர். வடசென்னையில் பிறந்த வண்டி தென்புறத்து நம் அண்டை வீடாகவும் ஆகிவிட்டது என்று கொள்ளலாம்.

பழைய புல்லட்டுக்கும் எண்ணெய்க் கறைக்கும் உள்ள உறவு உலகறிந்தது. ஆங்கிலேயரே இதன் பெயரைச் சற்று மாற்றி, 'ராயல் ஆயில்ஃபீல்டு' என்று நகையாடுவர். காரணம் விளங்காததன்று. உருளை வார்ப்பிரும்பால் ஆனது. அதன் தலையும், கீழேயுள்ள கிராங்க் கேஸும் அலுமினியத்தால் ஆனவை. சூடேறும்போது இரண்டு உலோகங்களும் ஒரே அளவில் விரிவதில்லை. அவை சேரும் இடங்களில் காகிதம், கார்க்கு, ரப்பர் ஆகியவற்றால் ஆன பேக்கிங்குகள் இடைநின்று எண்ணெயைத் தடுக்கின்றன. நாற்பது ஆண்டுகள் சென்றால் அவை இறுகிக் கல்லாகிவிடும். நம் கதையில் வண்டியின்மீது குற்றமில்லை, குற்றம் முதுமையினுடையது. மீதிக் குற்றம் நம்முடையது.

நாம் செய்த முதற் பிழையைக் கேளுங்கள். வண்டியின் இடப்புறத்தில், எஞ்சினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்லும் சங்கிலி, நீள்வட்டமான ஒரு பெட்டிக்குள் எண்ணெயில் ஓடுகிறது. மெக்கானிக்குகள் அதனைச் செயின் கேஸ் என்பர். அதன் மூடியை நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு பிடித்திருக்கிறது. மூடியின் கீழ் விளிம்பிலிருந்து எண்ணெய் சொட்டக் கண்டோம். சொட்டினால் என்ன செய்வது? இறுக்குவது! பெரிய ஸ்பேனரை மாட்டி, நம் முழு எடையையும் கொடுத்து, நட்டைக் கால் சுற்று அழுத்தித் திருகினோம். குருமடத்தில் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்ற நாம், காரியத்திற்குக் காரணம் காண வேண்டும் என்னும் முதற் பாடத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. எண்ணெய் நிரப்பும் வாயின் மூடியில் அளவுகோல் ஒன்று உண்டு. எடுத்துப் பார்த்தால் உலர்ந்திருந்தது. "ஐயோ, எண்ணெயெல்லாம் ஒழுகிப் போய்விட்டதே!" என்று பதறி, ஏறத்தாழ அரை லிட்டர் புதிய எண்ணெயை ஊற்றினோம். வண்டி கிளம்பிற்று. சில நிமிடங்களில் முன்பு ஓரிடத்தில் சொட்டியது நான்கு இடங்களில் சொட்டலாயிற்று. திண்ணைக் கறை பிறந்தது அப்பொழுதுதான்.

"ஓடினால் சரியாகிவிடும் சாமி" என்று தம்பி வீட்டிற்குப் புறப்பட்டான். நாமும் தடுத்தோமில்லை. அன்று மாலை தூறல். முடிச்சூர்ச் சாலையிலிருந்து தன் தெருவிற்குள் திரும்பும் வளைவில், எண்ணெய் படிந்த பின் சக்கரம் வழுக்கிற்று. வண்டி ஒருபுறம், அவன் ஒருபுறம். பின்னால் வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி சில அடிகள் தள்ளி நின்றுவிட்டது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்ததோடு போயிற்று. லாரி ஓட்டுநர் விழிப்பாக இல்லாதிருந்தால் இக்கட்டுரையை எழுதும் துணிவு நமக்கு வந்திராது.

மறுநாட் காலை தாயார் வந்தார். உரத்துப் பேசவில்லை. "ஒருவரை இழந்தது போதும் சாமி. திங்கட்கிழமை இரும்புக் கடைக்காரர் வருகிறார். நீங்கள் எதுவும் சொல்லக்கூடாது" என்றார். அவன் நட்டை இறுக்கியிருப்பான், அவன் எண்ணெய் ஊற்றியிருப்பான் என்றே அவர் எண்ணியிருந்தார். தம்பியும் நம்மைக் காட்டிக் கொடுக்கவில்லை. பிறருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டே பழகிய நாம், அன்று அவ்வம்மையார்முன் நின்று, "அம்மா, இறுக்கியது நம் கை, ஊற்றியதும் நம் கை. அறியாத வேலையில் தலையிட்டு உங்கள் பிள்ளையை ஆபத்தில் தள்ளிவிட்டோம். மன்னியுங்கள்" என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "சனிக்கிழமை வரை இருக்கட்டும். ஆனால் தெருவில் ஓட்டக்கூடாது" என்று சொல்லிச் சென்றார்.

ஆகவே ஏறத்தாழ 160 கிலோ எடையுள்ள அவ்வண்டியைத் தம்பியும் நாமுமாகத் தள்ளிக்கொண்டே சென்றோம். முடிச்சூர்ச் சாலையோரத்தில் பெயர்ப் பலகையில்லாத சிறு பட்டறை ஒன்றில், நாற்பது ஆண்டுகளாகப் புல்லட்டுகளை மட்டுமே பார்த்துவரும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அப்பகுதியில் எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பர். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்த அவர் நம்மைப் பார்த்து, "ஃபாதர், நான் செய்தால் அரை நாள் வேலை. நீங்களே செய்தால் இரண்டு நாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எது வேண்டும்?" என்று வினவினார். தம்பி முந்திக்கொண்டு, "நாங்களே செய்கிறோம் பாய்" என்றான்.

முதல் வேலை கழுவுதல். "எண்ணெய் எங்கே தெரிகிறதோ அங்கே ஒழுக்கு இல்லை, ஃபாதர். மேலே எங்கோ பிறந்து, விளிம்பு விளிம்பாக இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் தாழ்ந்த இடத்தில் சொட்டும். சொட்டும் இடத்தைத் தேடாதீர்கள், பிறந்த இடத்தைத் தேடுங்கள்" என்றார் பாய். எஞ்சின் நன்றாக ஆறியபின், கார்புரேட்டரின் வாயைப் பாலித்தீன் உறையால் கட்டி, பழைய பிரஷ்ஷால் டீசல் தொட்டு, மூன்றாண்டு அழுக்கையும் தேய்த்து எடுத்தோம். பின்னர் சோப்பு நீர்; பின்னர் துணி; பின்னர் ஒரு மணி நேரம் வெயில். அருகில் பீடியோ அடுப்போ இருக்கக்கூடாது என்பதைப் பாய் இருமுறை நினைவூட்டினார்.

செயின் கேஸ் மூடியின் நடுப்பகுதியைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியின் கை திடீரென நின்றது. அழுக்கின் அடியிலிருந்து வெள்ளைப் பெயிண்டினால் இட்ட ஒரு சிறு கோடு வெளிப்பட்டது. பாதிக் கோடு நட்டின்மேல், மறுபாதி மூடியின்மேல். இரண்டும் ஒரே நேராக இருந்திருக்க வேண்டியவை. இப்பொழுது ஒன்றையொன்று விட்டுக் கால் சுற்றுத் தள்ளி நின்றன.

பாய் குனிந்து பார்த்தார். "இதுவரை இறுக்கினால் போதும் என்று அடையாளம். இதற்குமேல் இறுக்கினால் மூடியின் நடு உள்வாங்கும், விளிம்பு தூக்கிக்கொள்ளும், ரப்பர் எட்டாது, ஒழுகும். அறிந்தவர் போட்ட கோடு" என்றார்.

"அப்பா போட்டது" என்றான் தம்பி. அதற்குப்பின் சிறிது நேரம் மூவரும் பேசவில்லை. அந்தக் கால் சுற்று யாருடையது என்பது நம் மூவருக்கும் தெரியும்.

அடுத்தது எண்ணெய் அளவு. பழைய புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியாக வெளியே இல்லை; கிராங்க் கேஸின் பின்பகுதியில் ஓர் அறையாக உள்ளேயே இருக்கிறது. மொத்தம் சுமார் இரண்டே கால் லிட்டர் கொள்ளும். ஒரு பம்பு அவ்வறையிலிருந்து எண்ணெயை எடுத்து உறுப்புகளுக்கு அனுப்புகிறது. மற்றொரு பம்பு கீழே வடிந்ததை எடுத்து அறைக்கே திருப்புகிறது. வண்டி நெடுநாள் ஓடாமல் நின்றால், எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கசிந்து, சக்கரங்கள் சுழலும் முன்னறையில் தேங்கிவிடும். அப்பொழுது அளவுகோல் உலர்ந்தே காட்டும். எண்ணெய் தொலைந்து போகவில்லை; இடம் மாறி நிற்கிறது. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டினால் திருப்பும் பம்பு அதனை மீண்டும் அறையில் சேர்த்துவிடும். ஓட்டி நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும். இதனை அறியாது மேலும் ஊற்றினால், மிகுந்துபோன எண்ணெய் கிடைத்த வழியிலெல்லாம் வெளியேறத்தானே செய்யும்! நாம் ஊற்றிய அரை லிட்டரையும் வடித்தெடுத்தோம்.

பிறகு சாக்குக்கட்டி. மறைக்கல்வி வகுப்பிலிருந்து கொண்டுசென்ற நான்கு கட்டிகளை நன்றாகப் பொடித்து, எஞ்சினின் இணைப்புகளெங்கும் துணியால் ஒற்றிப் பூசினோம். கீழே செய்தித்தாளை விரித்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பத்து நிமிடம் ஓடவிட்டோம். ஈரம் பட்ட இடம் உடனே கறுத்துக் காட்டிக்கொடுத்தது. செயின் கேஸின் விளிம்பில் ஒன்று. வலப்புறத்தில் உருளையின் அடியிலுள்ள டாப்பட் மூடியில் ஒன்று. மேலே ராக்கர் மூடியில் சிறிதாக ஒன்று.

"மூன்று பேக்கிங்கையும் மாற்றிவிடலாம்" என்றோம் உற்சாகமாக. பாய் தலையை அசைத்தார். "மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் ஒழுகினால், காரணம் மூன்று அன்று, ஒன்றுதான். வண்டி மூச்சு விடுகிறதா, பாருங்கள்" என்று சொல்லி, கிராங்க் கேஸிலிருந்து வெளிவரும் ஒரு ரப்பர்க் குழாயின் முனையில் நம் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கையில் ஒன்றுமே படவில்லை.

இதனைச் சிறிது விளக்க வேண்டும். இவ்வண்டியின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் விட்டமுடையது. 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குவது. கணக்கிட்டால் 346 கன செண்டிமீட்டர் வரும். பிஸ்டன் மேலே இருக்கும் வாயுவை அழுத்துவது நமக்குத் தெரியும். அது கீழே இறங்கும்போதெல்லாம், தனக்குக் கீழேயுள்ள அறையிலும் அதே 346 கன செண்டிமீட்டர் இடத்தைப் பறித்துக்கொள்கிறது என்பதை நினைப்பதில்லை. நிமிடத்திற்கு 2000 சுழற்சி ஓடினால், நிமிடத்திற்கு 2000 முறை இது நிகழ்கிறது. அந்த அழுத்தம் வெளியேறவே மூச்சுக்குழாய். காற்று வெளியே போகலாம், உள்ளே வரக்கூடாது என்பதற்காக, வாத்தின் அலகைப் போன்ற ஒரு சிறு ரப்பர் இதழையும் இத்தகைய வண்டிகளில் வைப்பதுண்டு. இவ்வழி அடைபட்டால், உள்ளே திணறும் காற்று எந்த இணைப்பு மெலிந்திருக்கிறதோ அதன் வழியே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வரும். ஒன்றை இறுக்கினால் அடுத்ததில் வரும். அதையும் இறுக்கினால் மூன்றாவதில் வரும்.

குழாயைக் கழற்றினோம். முனையில் இரண்டு அங்குல நீளத்திற்குக் காய்ந்த மண். குளவிக் கூடு! மூன்றாண்டு அசையாது நின்ற வண்டியில் ஒரு குளவி தன் குடும்பத்தை நடத்தியிருக்கிறது. உள்ளே இருந்த ரப்பர் இதழ் ஒட்டி உலர்ந்து கிடந்தது. தம்பி அம்மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டுச் சிரித்தான். அவன் விழுந்த நாள் முதல் அன்றுதான் நாம் அவன் சிரிப்பைக் கண்டோம்.

மறுநாள் தாம்பரத்தில் மின்சார வண்டி ஏறி எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தோம். பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குச் சென்னையில் அதுவே பெருஞ்சந்தை. செயின் கேஸுக்கு ரப்பர் வளையம், டாப்பட் மூடிக்கும் ராக்கர் மூடிகளுக்கும் பேக்கிங், மூச்சுக்குழாய்க்கு இதழ், வடிகால் திருகுகளுக்குச் செப்பு வாஷர் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஐந்நூறு ரூபாயை எட்டவில்லை. கழற்றிய பழைய உறுப்புகளைப் பையில் கொண்டுசென்றது நல்லதாயிற்று. பெயர் தெரியாதவற்றைக் காட்டிக் கேட்டோம்.

பூட்டும் முறையில் கற்றவற்றைச் சுருங்கச் சொல்வோம். பழைய பேக்கிங்கின் மிச்சத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக்கூடாது. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே எண்ணெய்க்கு வாய்க்கால். மரச்சிம்பு போதும். டாப்பட் மூடி தட்டையாக இருக்கிறதா எனக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தோம்; ஓரத்தில் ஒரு தாள் நுழைந்தது. கண்ணாடியின்மேல் எமரித் தாளை விரித்து, எட்டு வடிவில் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தினோம். பசை பூசுவதாயின் மெல்லிய படலமே போதும். மிகுந்தது உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, எண்ணெய்த் துளைகளை அடைத்துவிடும். பல திருகுகள் உள்ள மூடியில் ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். செயின் கேஸ் மூடி நல்வேளையாக நிலையாக வளைந்துவிடவில்லை. நட்டைத் தளர்த்தியதும் பழைய வடிவிற்கே மீண்டது. புதிய வளையத்தை வைத்து, தம்பி தன் கையாலேயே நட்டைத் திருகினான். இரண்டு வெள்ளைக் கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கின. கிட்டத்தட்டச் சேர்ந்ததும் பாய், "போதும்" என்றார். தம்பி அதற்கு முன்பே நிறுத்தியிருந்தான்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற நினைத்த நம்மைப் பாய் தடுத்து, தம் பட்டறையின் பீப்பாயில் ஊற்றச் சொன்னார். அதனைச் சேர்த்து எடுத்துச் செல்வோர் வருவர். பயன்படுத்திய எண்ணெய் சட்டப்படி ஆபத்தான கழிவுகளுள் ஒன்று. முடிச்சூரின் மழைநீர் அடையாற்றுக்குப் போகிறது. போகாத ஆண்டில் நம் வீட்டிற்குள் வருகிறது. இதனை அப்பகுதி மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை மாலை பட்டறைக்குத் தாயாரையும் அழைத்திருந்தோம். மீண்டும் சாக்குப்பொடி பூசி, பத்து நிமிடம் ஓடவிட்டோம். பொடி வெள்ளையாகவே இருந்தது. மூச்சுக்குழாயின் முனையில் கைவைத்தால், சிறு குழந்தை ஊதுவதுபோல் விட்டு விட்டுக் காற்று வந்தது. பாய் தாமே ஏறி மண்ணிவாக்கம் வரை ஓட்டித் திரும்பினார். அவர் வண்டி சாலைத் திருப்பத்தில் வரும்போதே அந்த நிதானமான ஓசை நமக்குக் கேட்டது. நம் அருகே நின்ற தாயார், யாரையும் பாராமல் பேசினார்: "தெருமுனையில் இந்தச் சத்தம் கேட்டால் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். அவர் உள்ளே வந்து கை கழுவுவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும்." சற்று நிறுத்தினார். "மூன்று வருஷமாக இவனிடம் அவரைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை சாமி. பேசினால் இவன் உடைந்துவிடுவான் என்று நினைத்தேன்."

"நான் பேசினால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் அம்மா" என்றான் மகன்.

பாய் வண்டியை நிறுத்திவிட்டு, ஏதோ கருவியைத் தேடுபவர்போலப் பட்டறைக்குள் சென்றுவிட்டார். நாமும் அவரைப் பின்தொடர்ந்தோம்.

திங்கட்கிழமை வந்த இரும்புக் கடைக்காரர் வெறுங்கையுடன் திரும்பினார். ஆயினும் தாயார் நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கவில்லை: இரண்டு டயர்களும் புதிதாக வேண்டும், தலைக்கவசம் வேண்டும், பதினைந்து ஆண்டு கடந்த வண்டியாதலால் பதிவையும் காப்பீட்டையும் புதுப்பித்த பிறகே சாலையில் ஏற வேண்டும். எல்லாம் முறையாக நடந்தன. வீட்டு வாசலில் இரவெல்லாம் செய்தித்தாளை விரித்துப் பார்த்ததில் கியர் பெட்டியின் அடியில் இரண்டே சொட்டுகள். பாயிடம் சென்று முறையிட்டோம். "நாற்பது வயது, ஃபாதர். இரண்டு சொட்டை மன்னித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை அளவு பாருங்கள், போதும்" என்றார்.

இவ்வாண்டு விடுமுறையில் பழைய வண்டியொன்றைத் திறந்து பார்க்க எண்ணும் இளைஞர்கள் நம் வாசகர் இல்லங்களில் இருக்கக்கூடும். அவர்களுக்கு மூன்றே வார்த்தை. முதலில் கழுவுங்கள்; கழுவாமல் எதையும் கண்டுபிடிக்க இயலாது. இரண்டாவது, அளவு குறைந்ததுபோல் தோன்றினால், ஊற்றுமுன் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது, ஸ்பேனரை எடுக்குமுன் மூச்சுக்குழாயின் முனையில் கையை வையுங்கள். இவை முடிந்தும் ஒழுகினால் பேக்கிங்கை மாற்றுங்கள். அறிந்தவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒழுகும் வண்டியை எக்காரணம் கொண்டும் சாலையில் ஏற்றாதீர்கள்.

பெற்றோருக்குச் சொல்ல நினைத்ததும் ஒன்று உண்டு. ஆனால் நம் வீடுகளில் எதையேனும் ஒழுகக் கண்டவுடன் நம் கை முதலில் எதை நாடுகிறது என்பதை ஒவ்வொருவரும் அறிவோமாதலின், அதனை விரித்துரைக்கவில்லை. அந்தத் தாய் இறுக்கியதும், நாம் இறுக்கியதும், அச்சத்தினால்தான். அன்று முதல், யாரேனும் பிள்ளையைப் பற்றியோ கணவரைப் பற்றியோ குறை கூற நம் திண்ணையில் வந்து அமர்ந்தால், நாம் உடனே அறிவுரை கூறிவிடுவதில்லை. சிறிது நேரம் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவ்வேளைகளில் அந்தக் கறுத்த கறை நம் காலடியில் இருக்கிறது. கோவில்பிள்ளை அடுத்த மாதம் அதன்மேல் சிமெண்டு பூசிவிடலாமா என்று கேட்டார். வேண்டாமென்று சொல்லியிருக்கிறோம்.